ஹல்லரை மாற்றப் போகிறேன்: முதலில் எதை வாங்குவது? சிறு மில்காரர்கள் வந்து சொல்லுங்கள்

#1 ஹல்லர்_மகன்

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமத்தில் எங்கள் மில். அப்பா 1983-ல் ஆரம்பித்தது. இரண்டு ஹல்லர் (உமியையும் தவிட்டையும் ஒரே உருளைக்குள் நீக்குகிற பழைய மிஷின்), ஒரு மாவு மிஷின், பின்னால் இரண்டு அவியல் தொட்டி, ஒரு சிமென்ட் களம். முழுக்கக் கூலி அரவைதான். நெல் வாங்கி அரிசி விற்கிற அளவுக்குக் கையில் பணம் இருந்ததில்லை. அப்பாவுக்குப் போன வருஷம் உடம்பு முடியாமல் போனதிலிருந்து நான் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் தை, மாசியில் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பெல்ட் ஓடும். இப்போது நிறையப் பேர் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுக் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிடுகிறார்கள். எங்களிடம் வருவது பெரும்பாலும் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள்: மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக் கவுனி. அவர்களும் "நொய் அதிகமா விழுது தம்பி" என்று சொல்லிச் சொல்லிக் களைத்து, முப்பது கிலோமீட்டர் தள்ளி ரப்பர் ரோலர் மில்லுக்கு வண்டி கட்டிப் போகிறார்கள்.

ஒரு மிஷின் வியாபாரி வந்து கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கல் நீக்கி, உமியை மட்டும் உரிக்கிற ரப்பர் ரோலர் செல்லர், உரியாத நெல்லைப் பிரிக்கிற செப்பரேட்டர், தவிட்டைத் தீட்டுகிற பாலிஷர், நிறம் கெட்ட அரிசியை ஊதித் தள்ளுகிற கலர் சார்ட்டர் எல்லாம் சேர்த்து 24 லட்சம். மானியம் வாங்கிக்கொடுப்பது அவர் பொறுப்பு என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மொத்தமாக மாற்றவா, ஒவ்வொன்றாக மாற்றவா? ஒவ்வொன்றாக என்றால் முதலில் எது?

#2 காங்கேயம்_ஆலை

தம்பி, கலர் சார்ட்டரை மட்டும் முதலில் வாங்கிவிடாதே. நான் வாங்கினேன், அதனால் சொல்கிறேன்.

2019-ல் எனக்கும் அப்படித்தான் ஒருவர் வந்து சொன்னார். கடைக்காரர்கள் கருப்பு அரிசி இருக்கிறது, பழுப்பு அரிசி இருக்கிறது என்று மூட்டையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம். சார்ட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிப் போட்டேன். அதற்கு ஒரு கம்ப்ரசர், காற்றில் ஈரம் இல்லாமல் இருக்க ஒரு ஏர் டிரையர், வோல்டேஜ் ஏறி இறங்காமல் ஒரு ஸ்டெபிலைசர், தூசி வராத தனி அறை. கொட்டேஷனில் இவை எதுவும் இல்லை.

ஒரு மாதம் ஓட்டியபின் ரிஜெக்ட் பையில் கையை விட்டு அள்ளி, தட்டில் பரப்பிப் பார்த்தேன். பாதிக்குப் பாதி நல்ல அரிசி. கருப்பை ஊதித் தள்ளும்போது பக்கத்தில் வருகிற நல்லதும் சேர்ந்து போகும். கருப்பு எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ, நல்லது போவதும் அவ்வளவுக்கு அதிகம். அந்தக் கருப்பும் பழுப்பும் எங்கிருந்து வந்தது? என் ஊறல் தொட்டியிலிருந்தும் என் களத்திலிருந்தும்தான். அங்கே கெட்டதை நான் கடைசி மிஷினில் பிடித்துக்கொண்டிருந்தேன். தொட்டியைச் சரிசெய்தபிறகு அதே சார்ட்டர் நன்றாக உழைக்கிறது, மிஷினில் குறையில்லை. ஆனால் இடையில் இரண்டு வருஷ வட்டி போய்விட்டது.

இன்னொன்று. வாங்குகிற கிலோவாட்டுக்குத் தகுந்தபடி மின்சார நிலைக்கட்டணம் உண்டு. 2022 செப்டம்பரில் கட்டணம் மாற்றியதிலிருந்து அது ரொம்பவே வலிக்கிறது. உன் மில் வருஷத்தில் நாலைந்து மாதம்தான் முழுசாக ஓடும். ஓடாத மாதமும் கட்ட வேண்டும். மோட்டார் குதிரைத்திறனைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு.

#3 ஈரப்பதம்

நான் முப்பது வருஷம் பாய்லரும் டிரையரும் நிறுவிக் கொடுத்தவன், இப்போது ஓய்வு. காங்கேயத்து நண்பர் சொன்னதற்கு அடுத்த வரியை நான் எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் மில்லில் நொய் விழுவது ஹல்லரால் மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? அதை முதலில் பாருங்கள். அவித்துக் காய்ந்த நெல்லில் ஐம்பது மணியைக் கையால் உரியுங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து அடியிலிருந்து செல்போன் டார்ச் அடியுங்கள். அரிசிக்குக் குறுக்கே முடி மாதிரிக் கோடு தெரிந்தால் அது மிஷினுக்குப் போகும் முன்னாலேயே உடைந்த அரிசி. உலகத்திலேயே சிறந்த செல்லரில் போட்டாலும் அது நொய்தான்.

அந்தக் கோடு எப்படி விழுகிறது? ஊறி அவிந்து வருகிற நெல்லில் 30 முதல் 35 சதவீதம் ஈரம் இருக்கும். அரைக்க 14 சதவீதத்துக்கு வர வேண்டும். மேலே இருக்கிற ஈரம் சீக்கிரம் போகும், உள்ளே இருக்கிற ஈரம் மெல்லத்தான் வெளியே வரும். உச்சி வெயிலில் ஒரே மூச்சில் காயவைத்தால் மேல்பக்கம் சுருங்கும், உள்பக்கம் சுருங்காது, நடுவில் வெடிக்கும். 18-லிருந்து 16 சதவீதம் வரைக்கும் பெரிய சேதம் இல்லை. அதற்குக் கீழே போகும்போதுதான் வெடிப்பு. எனவே 17, 18 வந்ததும் நெல்லைக் கூட்டிக் குவித்து, சாக்கால் மூடி நாலைந்து மணி நேரம் ஆற விடுங்கள். உள் ஈரம் வெளியே வந்து சமமாகும். அப்புறம் மறுபடி பரப்பி 14-க்குக் கொண்டுவாருங்கள். பழைய களத்து ஆட்களுக்கு இது தெரியும். கூலி ஏறி, மழை பயம் வந்து, "ஒரே நாளில் முடிச்சிடுவோம்" என்று ஆனபிறகுதான் விட்டுப்போனது.

இதற்கு வேண்டியது 24 லட்சம் இல்லை, ஒரு ஈரப்பத மீட்டர். அதுவும் இன்றைக்கே முடியாது என்றால், நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் வறுத்த தூள் உப்பு கொஞ்சமும் நெல்லும் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம். ஒட்டாவிட்டால் அரைக்கலாம்.

ஊறலுக்கும் ஒரு வார்த்தை. பச்சைத் தண்ணீரில் ஒன்றரை நாள், இரண்டு நாள் ஊறவைத்தால் தண்ணீர் புளித்து, அந்த வாடை அரிசிக்கு ஏறும், நிறமும் கெடும். மைசூரில் இருக்கிற மத்திய உணவு ஆராய்ச்சி நிறுவனம் சி.எஃப்.டி.ஆர்.ஐ. 1950-களிலேயே வெந்நீர் ஊறலைச் சொல்லிவிட்டது. தண்ணீரை 85 டிகிரிக்குச் சூடாக்கி விட்டால் நெல் சேர்ந்ததும் 70-க்கு இறங்கும். மூன்று, மூன்றரை மணி நேரம் போதும். அப்புறம் வடித்துவிட்டு ஆவி. உமி லேசாக வாய் திறக்கிறபோது நிறுத்திவிட வேண்டும். உங்கள் தொட்டிக்கே உமி அடுப்பில் ஒரு வெந்நீர்க் குழாய் இழுத்தால் ஆயிற்று.

#4 கவுனி_அக்கா

வந்தவாசி பக்கம். நாங்கள் பதினோரு பெண்கள் சேர்ந்து மினி மில் நடத்துகிறோம், பாரம்பரிய அரிசி மட்டும். ஐயா சொன்ன குவித்து ஆறவிடுவதை நாங்கள் மூன்று வருஷமாகச் செய்கிறோம், நூற்றுக்கு நூறு உண்மை.

மிஷின் பற்றி நான் சொல்ல வேண்டியது வேறு. தம்பி, உங்களிடம் வருவது நாலைந்து ரக நெல். சீரகச் சம்பா சின்ன மணி, மாப்பிள்ளைச் சம்பா தடித்த மணி. ரப்பர் ரோலர் இரண்டும் எதிரெதிராக, வேறு வேறு வேகத்தில் சுற்றும்; நடுவில் இருக்கிற இடைவெளிதான் எல்லாம். ரகம் மாறும்போது இடைவெளி மாற்றணும். எல்லா நெல்லையும் ஒரே தடவையில் உரிக்க வேண்டும் என்று இறுக்கினால் நொய்தான் மிச்சம். நூற்றுக்கு 85, 90 உரிந்தால் போதும், மீதியைச் செப்பரேட்டர் திருப்பி அனுப்பும். எங்களுக்கு மிஷின் போட்டவர் இதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஸ்விட்ச் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு மாதம் ரோலரைக் கொன்றோம்.

வேகமாகச் சுற்றுகிற ரோலர் சீக்கிரம் தேயும். அவ்வப்போது இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் ஆயுசு கூடும். ரோலர் தேய்மானத்தை உங்கள் கூலிக் கணக்கில் இப்போதே சேர்த்துவிடுங்கள். ஹல்லர் பிளேடு மாதிரி நினைக்காதீர்கள்.

அப்புறம் உயரம். எங்கள் மிஷினில் நெல் கொட்டுகிற வாய் தோளுக்கு மேலே. ஐம்பது கிலோ மூட்டையை அங்கே தூக்க எங்களால் முடியாது. கூலிக்கு ஆள் வைத்தோம், அவர் வராத அன்றைக்கு மில் நின்றது. கடைசியில் தரையில் குழி தோண்டி ஒரு சின்ன எலிவேட்டர் போட்டபிறகுதான் மில் எங்கள் கைக்கு வந்தது. மிஷின் பார்க்கப் போகும்போது யார் தூக்கிக் கொட்டப் போகிறார்களோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்களிடம் பாலிஷர் இருக்கிறது, ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் தவிடு போகாமல்தான் கேட்கிறார்கள். உங்கள் ஊரிலும் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

#5 ஹல்லர்_மகன்

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன டார்ச் சோதனையை நேற்று செய்தேன். களத்தில் ஒரே நாளில் காய்ந்த மாப்பிள்ளைச் சம்பா, ஐம்பது மணி. எண்ணினேன். பதினாறில் கோடு. அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படுக்கையில் இருந்தபடியே ஒரு நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தார். "டக்குனு உடைஞ்சுது பாரு, சுள்ளுனு காஞ்ச நெல்லு" என்றார். அவருக்கு டார்ச் தேவைப்படவில்லை.

எடையும் போட்டேன். 100 கிலோ புழுங்கல் நெல் எங்கள் ஹல்லரில் போட்டதில் அரிசியும் நொய்யும் சேர்த்து 65 கிலோ. அதே நெல்லில் இன்னொரு 100 கிலோவை அந்த ரப்பர் ரோலர் மில்லுக்கு எடுத்துப்போய் அரைத்தேன்: 68. பச்சரிசிக்குத் தூயமல்லி, எங்களிடம் 61, அங்கே 66. எங்களுடைய 61-ல் நொய் எவ்வளவு என்று சல்லடை போட்டுப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லவில்லை.

#6 நீடாமங்கலம்_விவசாயி

நான் மில்காரன் இல்லை, நெல் கொண்டுவருகிறவன். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படக் கூடாது.

தம்பி, நீ புது மிஷின் போட்டால் 100 கிலோவுக்கு 3 கிலோ அரிசி கூடும். அந்த மூன்று கிலோ யாருக்கு? எனக்கு. உனக்குக் கூலி அதேதான். கடன் உனக்கு, அரிசி எனக்கு. அப்புறம் எப்படிக் கட்டுவாய்? கூலியை ஏற்றினால் நாங்கள் பழைய ஹல்லரைத் தேடிப் போவோம், அதுவும் உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒருவர் இப்படித்தான் எல்லாம் மாற்றி, கூலியை ஏற்றி, ஒரு வருஷத்தில் மூடினார். அவர் மிஷின் நல்ல மிஷின்தான்.

#7 ஹல்லர்_மகன்

அண்ணா, கோபமே இல்லை. நான் சொல்லத் தயங்கிய விஷயத்தை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கூலி 100 கிலோவுக்கு 250 ரூபாய், அதோடு தவிடு மில்லுக்கு. ஹல்லர் தவிட்டில் உமித்தூள் கலந்திருக்கும், பொடி நொய்யும் கலந்திருக்கும். மாட்டுக்காரர்கள் வாங்குவார்கள். நொய் அதிகம் உடைந்து கலந்தால் தவிட்டின் எடை கூடும். அதாவது மிஷின் மோசமாக அரைத்தால் விவசாயிக்கு நஷ்டம், எங்களுக்குக் கொஞ்சம் லாபம். அப்பா ஒருநாளும் வேண்டுமென்று அப்படிச் செய்ததில்லை, ஹல்லர் பிளேடை மாதா மாதம் பார்ப்பார். ஆனால் ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு நல்ல மிஷினுக்குக் கடன் வாங்கினால் நான்தான் கட்ட முடியாமல் நிற்பேன்.

#8 ஈரப்பதம்

இந்த இரண்டு பதிவுகளும்தான் இந்த இழையின் உயிர். ஐம்பது அறுபது வருஷமாக இதைத்தான் யாரும் சிறு மில்காரரிடம் உட்கார்ந்து பேசவில்லை.

ஹல்லர் 19-ம் நூற்றாண்டுக் கடைசியில் பிறந்த மிஷின். உமியை நீக்குவதும் தவிட்டைத் தேய்ப்பதும் ஒரே இரும்பு உருளைக்குள். நம் அரசு 1958-ல் அரிசி ஆலைச் சட்டம் கொண்டுவந்தது, ஹல்லரை மாற்றச் சொல்லி அதன் கீழ் விதியும் வந்தது, 1997-ல் அந்தச் சட்டத்தையே எடுத்தும்விட்டார்கள். ஹல்லர் போகவில்லை. திருவாரூர் நவீன அரிசி ஆலையில் 1967-ல் ஓர் ஆய்வுக்கூடமாக ஆரம்பித்ததுதான் இன்றைக்குத் தஞ்சாவூரில் இருக்கிற நிஃப்டெம் என்கிற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். கூப்பிடு தூரத்தில் அவ்வளவு அறிவு இருந்தும் கிராமத்து ஹல்லர் ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் மில்காரரின் பிடிவாதம் என்று எழுதுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒன்று, நம் ஊரில் புழுங்கல் சாப்பாடு. அவித்த அரிசி கெட்டிப்படும், ஹல்லரின் அடியைத் தாங்கும். நீங்கள் போட்ட எடையிலேயே பாருங்கள்: புழுங்கலில் 3 கிலோதான் வித்தியாசம், பச்சரிசியில் 5. மற்றது நீங்கள் சொன்னதேதான், மிச்சமாகிற அரிசி மிஷின் வாங்கியவருக்கு வருவதில்லை. நெல்லைத் தானே வாங்கி அரிசியாக விற்கிற பெரிய ஆலைக்கு அந்த 3 கிலோ அவருடையது. அவர் உடனே மாற்றினார். கூலி அரவைக்காரர் மாற்றவில்லை. இரண்டு பேரும் தங்கள் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

தவிடு பற்றி ஒன்று. செல்லர் போட்டால் உமி தனியாக, தவிடு தனியாக வரும். உமி கலக்காத தவிட்டை எண்ணெய் ஆலை வாங்கும். புழுங்கல் தவிட்டில் எண்ணெய் 20 சதவீதத்துக்கு மேல். ஹல்லர் தவிட்டை அவர்கள் தொட மாட்டார்கள். பச்சரிசித் தவிடு ஓரிரு நாளிலேயே சிக்கு வாடை பிடிக்கும், வண்டி வருகிற நாளைப் பார்த்து அரைக்க வேண்டும். உமி முழுசாகக் கிடைத்தால் உங்கள் வெந்நீருக்கு விறகே வேண்டாம்.

#9 பரந்தன்_தம்பி

இலங்கையிலிருந்து வாசிக்கிறேன். எங்கட கிளிநொச்சிப் பக்கமும் இதே கதைதான். சின்ன மில்கள் கன இடத்தில நிண்டு போச்சு, நெல்லு பொலநறுவைப் பெரிய ஆலைகளுக்குப் போய் அரிசியாத் திரும்பி வருது. அனுராதபுரத்தில அறுவடைக்குப் பின்னான வேலையளுக்கெண்டு ஒரு நிறுவனம் இருக்கு, பயிற்சி குடுக்கினம். மாமா அங்க போய்ப் படிச்சு வந்து ஊறப்போடுறதை மாத்தினவர், அரிசி மணம் போச்சு, வீட்டுச் சனம் திரும்ப வரத் தொடங்கிச்சு.

2022-ல டீசல் இல்லாத நேரம் எங்களுக்கு ஒரு பாடம். டீசல் என்ஜினில ஓடின ஆக்கள் எல்லாம் பூட்டிப்போட்டு இருந்தவை. மாமாவுக்கு அவிக்கிறதும் காயவைக்கிறதும் உமியும் வெயிலும்தான், அதால அரைப்பு மட்டும்தான் தடைப்பட்டது. அண்ணை, எதை வாங்கினாலும் அது நிண்டால் என்ன செய்யிறது எண்டதையும் யோசிச்சு வாங்குங்கோ.

#10 காங்கேயம்_ஆலை

மானியம் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். 2020-ல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். குறைந்தது 10 சதவீதம் உன் பணம், மீதி வங்கிக் கடன். நல்ல திட்டம்தான். ஆனால் மானியம் உன் கைக்கு வராது. வங்கியில் உன் பெயரில் தனிக் கணக்கில் கிடக்கும். கடைசித் தவணைக் கடன் வாங்கி 3 வருஷம் ஒழுங்காகக் கட்டி, மில்லும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் கழிப்பார்கள். ஆகவே மாதத் தவணையைப் போடும்போது மானியம் இல்லை என்று நினைத்தே போடு. "மானியம் வாங்கித் தருகிறேன்" என்கிற வியாபாரியிடம் விண்ணப்பத்தை ஒப்படைக்காதே. மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய், திட்டம் இப்போதும் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்.

#11 ஹல்லர்_மகன்

ஒரு மாதம் கழித்து வருகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

கொட்டேஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஈரப்பத மீட்டர் வாங்கியாயிற்று. ஒரு தொட்டிக்கு வெந்நீர்க் குழாய் போட்டாயிற்று. முதல் இரண்டு அவியலில் சூடு சரியாக நிற்கவில்லை, இப்போது நிற்கிறது. அம்மா தொட்டியைத் திறந்ததும் மோந்து பார்த்து, "இதென்ன, வாடையே இல்ல" என்றார். நெல்லைக் குவித்து ஆற விடுகிறோம், அதற்காக ஒருநாள் கூலி கூடுகிறது, அதை மறைக்கவில்லை. அதே ஹல்லரில் புழுங்கல் 66-க்கு வந்திருக்கிறது, நொய்யும் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருக்கிறது.

அடுத்தது ஒரு சின்ன செல்லரும் செப்பரேட்டரும் கல் நீக்கியும் மட்டும். தவிடு தீட்ட ஒரு ஹல்லரையே இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். வந்தவாசி அக்கா சொன்னபடி எலிவேட்டர் குழியை முதலில் தோண்டுகிறோம், மூட்டை தூக்குகிற இரண்டு பேரும் நின்று உயரம் பார்த்தார்கள்.

கூலிதான் பெரிய பேச்சு. நீடாமங்கலம் அண்ணனுக்கு என் பதில் இது: செல்லர் வந்தபின் கூலி அதே 250 ரூபாய். புழுங்கலில் 100 கிலோவுக்கு 65 கிலோ அரிசி வரைக்கும் எல்லாம் உங்களுக்கு. அதற்கு மேல் வருவதில் பாதி மில்லுக்கு. 68 வந்தால் ஒன்றரைக் கிலோ எனக்கு, ஒன்றரைக் கிலோ உங்களுக்கு. மாப்பிள்ளைச் சம்பா கிலோ 80 ரூபாய் என்றால் எனக்கு 120 ரூபாய், அதில்தான் ரோலரும் தவணையும். 65 வராவிட்டால் குறைகிற அரிசிக்கு நான் பொறுப்பு. நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் யோசிக்கிறேன் என்றார், ஒருவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

#12 நீடாமங்கலம்_விவசாயி

தம்பி, கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். நான் 17 சதவீத ஈரத்தில் நெல் கொண்டுவந்தால் உன் களத்தில் காய்ந்து எடை குறையும், நீ 65 கொடுக்க முடியாது. நீ அதிகம் காயவைத்தாலும் எனக்கு எடை குறையும், நொய்யும் கூடும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவோம். பதரும் கருக்காயும் எவ்வளவு என்பது அதற்கு மேல் ஒரு வழக்கு.

#13 ஹல்லர்_மகன்

அதற்குத்தான் அண்ணா மீட்டர். நெல் இறக்கும்போது உங்கள் கண் முன்னால் மூன்று மூட்டையில் கைவிட்டு எடுத்துப் பார்ப்போம், அரைக்கும் முன்னால் ஒரு தடவை பார்ப்போம். தூற்றியபின் எடை. இரண்டு எண்ணையும் எடையையும் சீட்டில் எழுதி ஆளுக்கு ஒன்று. 65 என்பது 14 சதவீதத்துக்குக் காய்ந்து, தூற்றிய நெல்லுக்கு. சந்தேகம் வந்தால் நீங்களே மீட்டரைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

#14 நீடாமங்கலம்_விவசாயி

சரி. செல்லர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சீட்டு எழுதுவதை இப்போதே பழகுவோம். வெள்ளிக்கிழமை காலையில் ஆறு மூட்டை தூயமல்லி கொண்டுவருகிறேன். மூன்று மூட்டை அவிக்க, மூன்று மூட்டை பச்சரிசிக்கு. என் தராசையும் எடுத்து வருகிறேன், உன் தராசோடு வைத்துப் பார்த்துவிடலாம். மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு வை.